பாராசூட்டும் பதிவேடும்

2024 ஜூலை 13ந் தேதி, உலக ஸ்கைடைவிங் தினம் முதன்முறையாகக் கொண்டாடப்பட்ட அன்று, மத்திய சுற்றுலாத் துறை அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் ஹரியானாவில் உள்ள நார்னோல் விமானத் தளத்தில், பயிற்சியாளர் ஒருவருடன் சேர்த்துப் பிணைக்கப்பட்டு, பறக்கும் விமானத்திலிருந்து குதித்தார். பத்திரமாகத் தரையிறங்கி, இந்த விளையாட்டு நாட்டில் வளர வேண்டும் என்றும் கூறினார். அமைச்சர்கள் ரிப்பன் வெட்டுவதைப் பார்த்துப் பழகிப்போன ஜனங்களுக்கு இது ஒரு மாறுதல் என்பதில் ஐயமில்லை.

நார்னோல் டில்லியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். எனவே தலைநகரில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது தூரத்து விஷயம் அல்ல. கரோல் பாகிலும் மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் எத்தனையோ வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை காலை மலை மந்திருக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளை, "நார்னோல் போகிறேன், விமானத்திலிருந்து குதிக்கப் போகிறேன்" என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. தாயார் பதறுகிறார். தகப்பனார், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிடுகிறார். பிள்ளை பிற்பாடு சொல்லாமலே போய்வருகிறான். குதிக்கும் படம் மட்டும் கைபேசியில் அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் வந்து சேருகிறது.

தகப்பனார் கேட்டது தவறான கேள்வி. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு: அந்த பாராசூட்டை மடித்தது யார்? எப்போது மடித்தார்? கூடக் குதிப்பவர் இதுவரை எத்தனை முறை குதித்தவர்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு பிள்ளையைத் தடுப்பதா அனுப்புவதா என்று யோசிக்கலாம்.

வானிலிருந்து குதிப்பது தமிழனுக்குப் புதிதும் அல்ல. 1941ல் இந்தியாவில் பாராசூட் படை தொடங்கப்பட்டபோது, அதற்கான பயிற்சிப் பள்ளி டில்லி வில்லிங்டன் விமான நிலையத்தில், அதாவது இன்றைய சப்தர்ஜங் விமான நிலையத்தில், நிறுவப்பட்டது. அந்த ஆண்டு பாராசூட்டில் குதித்த முதல் இந்திய ராணுவத்தினர் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் படையின் மருத்துவ அதிகாரி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஏ.ஜி. ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்பது முழுப் பெயர். இதே ரங்கராஜ் பின்னாளில் லெப்டினன்ட் கர்னலாக 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிக் கொரியா சென்றார். 1951 மார்ச்சில் மன்சான்-னி என்னும் இடத்தில் அமெரிக்க வான்படையினர் குதித்தபோது, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்க அவருடைய சிறு குழுவும் உடன் குதித்தது. மகாவீர் சக்கர விருது அவரைத் தேடி வந்தது. டில்லித் தமிழர் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டால் விடை அவ்வளவு பெருமையாக இராது.

அந்த மருத்துவர் குதித்த காலத்தில் உபகரணம் மிக எளிமையானது. வட்டமான பட்டுக்குடை, இழுத்த பக்கமெல்லாம் காற்று கொண்டுபோகும். இன்று நார்னோலில் விரிவது விமான இறக்கை போன்ற நீள்சதுர பாராசூட். அதைக் கயிற்றால் இழுத்து இடம் வலம் திருப்பலாம், வேகத்தைக் குறைத்து மாடிப்படியிலிருந்து இறங்குவதுபோல நின்று இறங்கலாம். முதுகில் உள்ள பையில் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். ஒன்று பிரதானம், மற்றது ரிசர்வ். பிரதானம் சிக்கிக்கொண்டால் ஒரு பிடியை இழுத்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அடுத்த பிடியை இழுத்து ரிசர்வை விரிக்க வேண்டும். சிக்கலுடன் பறக்கும் துணியை ஒரே இழுப்பில் கழற்றிவிட உதவுவது தோள்பட்டையில் உள்ள மூன்று வளையங்கள். பெரிய வளையத்துக்குள் நடுத்தரம், அதற்குள் சிறியது என்று ஒன்றுக்குள் ஒன்று மடங்கி, மனிதனின் முழுப் பாரத்தில் ஒரு சிறு பங்கை மட்டுமே ஒரு சிறு நூல்வளையம் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். 1970களில் பில் பூத் என்னும் அமெரிக்கர் கண்டுபிடித்தது இது. மின்சாரமும் கிடையாது, மோட்டாரும் கிடையாது.

மயங்கிவிட்டாலோ, உயரம் பார்க்க மறந்துவிட்டாலோ என்ன கதி? அதற்கும் ஒரு கருவி இருக்கிறது. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழும் ஆள் வேகமாக விழுந்துகொண்டே இருந்தால், காற்றழுத்தத்தைக் கொண்டு அதை உணர்ந்து ரிசர்வைத் தானே திறந்துவிடும். சைப்ரஸ் என்ற பெயரில் ஜெர்மனியில் 1991ல் இது வந்த பிறகு பலர் உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

ஆனால் எந்தக் கருவியும் ஒரு மனிதரின் கையை நம்பித்தான் இருக்கிறது. பிரதான பாராசூட்டைக் குதிப்பவரே மடித்துக் கொள்ளலாம். ரிசர்வை அப்படிச் செய்யக் கூடாது. தகுதிச் சான்று பெற்றவர் மட்டுமே அதைப் பரிசோதித்து மடிக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள மரபு. அமெரிக்காவில் 180 நாட்களுக்கு ஒரு முறை, ஒரு தடவைகூடத் திறக்காவிட்டாலும், ரிசர்வைப் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும் என்பது விதி. மடித்தவர் தம் பெயரையும் தேதியையும் ஓர் அட்டையில் எழுதிப் பைக்குள் வைத்து, நூலில் ஈய முத்திரை இடுகிறார். வீட்டு மின்சார மீட்டரில் இருக்கும் முத்திரை மாதிரியேதான். மீட்டர் முத்திரை உடைந்திருந்தால் எத்தனை கூச்சல் போடுகிறோம்! உயிரைத் தொங்கவிடும் பையின் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மட்டும் ஏனோ மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. கேட்க வேண்டும். நல்ல பயிற்சியாளர் சந்தோஷமாகக் காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் கொடுத்த பணம் போனாலும் போகட்டும் என்று திரும்பிவிடுவதே உத்தமம்.

குதிப்பவர்களிடையே எழுதப்படாத சில பழக்கங்களும் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு அவை வேடிக்கையாகத் தோன்றும். விரித்து வைத்த பாராசூட் துணியின்மேல் நடக்கக் கூடாது. கயிறுகளைத் தாண்டக் கூடாது. சமையலறைக்குள் செருப்புடன் நுழைவது போன்ற குற்றம் அது. விமானத்தில் ஏறுமுன் ஒருவர் பையை மற்றவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எத்தனை ஆயிரம் முறை குதித்தவராயினும் இதற்கு விலக்கில்லை. ஒரு குழு குதித்த பின் அடுத்த குழு சில விநாடிகள் பொறுத்தே குதிக்க வேண்டும். விரிந்த பிறகு, கீழே இருப்பவருக்கே வழியுரிமை. மேலே இருப்பவர் விலகிப் போக வேண்டும். இந்தக் கடைசிப் பழக்கம் டில்லி ரிங் ரோடில் வண்டி ஓட்டுபவர்களுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

எல்லாவற்றிலும் மேலானது, குதிக்காமல் திரும்பும் உரிமை. விமானத்தின் கதவுவரை போய், காற்று சரியில்லை, மனம் சரியில்லை, உபகரணத்தில் ஏதோ தட்டுகிறது என்று சொல்லி விமானத்திலேயே இறங்கி வருபவரை யாரும் கேலி செய்யக் கூடாது. தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்குக் காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டரைத் தாண்டினால் அனுமதி இல்லை என்பது அமெரிக்கச் சங்கத்தின் விதி. ஹரியானாவில் மே மாதப் புழுதிக்காற்றையும் ஜனவரி மூடுபனியையும் அறிந்தவர்களுக்கு, நாளெல்லாம் காத்திருந்து குதிக்காமலே வீடு திரும்ப நேரிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விடுமுறை ஒரு நாள், கட்டணமோ கணிசம், நண்பர்கள் வேறு வீட்டில் படத்துக்குக் காத்திருக்கிறார்கள். இந்த அவசரம்தான் ஆபத்து. வாடிக்கையாளர் அவசரப்படுத்த, நடத்துபவர் இணங்க, விதி நழுவும்.

வாடிக்கையாளர்களுக்கும் கடமை உண்டு. எடையைக் குறைத்துச் சொல்வது, ரத்த அழுத்தத்தை மறைப்பது, ஜலதோஷத்தோடு போய்க் காதுவலி வாங்கிக்கொண்டு வருவது, இவை மூன்றும் நம்மவர்களிடம் சகஜம். கல்யாணத்துக்கு வயதைக் குறைத்துச் சொல்வதைப் போன்றதல்ல இது. வார்களின் அளவும் தரையிறங்கும் வேகமும் அந்த எண்ணைப் பொறுத்தே அமைகின்றன.

இத்தனையும் இருந்தும் விபத்து நேரும். 2012ல் சேலம் விமானத் தளத்தில் நடந்த முகாமில் பாராசூட்டில் குதித்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். 2025ல் ஆக்ராவில், விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழுவைச் சேர்ந்த அனுபவமிக்க பயிற்சியாளரே பயிற்சியின்போது உயிரிழந்தார். ஆயிரக்கணக்கில் குதித்த கைகளுக்கும் இது நேரும் என்றால், புதியவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். சேலம் விபத்தின்போது பத்திரிகைகளில் இரண்டு நாள் செய்தி வந்தது, போலீஸ் வழக்கு வந்தது, பிறகு அமைதி. உபகரணத்தில் என்ன கோளாறு, பயிற்சியில் என்ன குறை, அடுத்த முகாம் நடத்துபவர் எதைத் திருத்த வேண்டும் என்பது குதிக்கும் எல்லோருடைய கைக்கும் போய்ச் சேரவில்லை.

இங்கேதான் பிற நாட்டாரிடம் கற்க வேண்டியது இருக்கிறது. அமெரிக்காவில் 1970களில் ஆண்டுக்குச் சராசரி நாற்பதுக்கு மேற்பட்டோர் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023ல் அங்கே சுமார் 36 லட்சம் முறை குதித்தார்கள். இறந்தவர் 10 பேர். உபகரணம் முன்னேறியது ஒரு காரணம். அதற்குச் சமமான காரணம், ஒவ்வொரு சாவையும் அந்நாட்டுப் பாராசூட் சங்கம் தன் பத்திரிகையில் விவரமாக எழுதி வந்தது. பெயர் போட்டு அவமானப்படுத்துவதில்லை. எந்த உயரத்தில் எதை இழுத்தார், எதை இழுக்கவில்லை, காற்று எப்படி, உபகரணம் எப்படி என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துத்தான் ஓர் உண்மை தெரிந்தது: நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழ், தரைக்கு அருகில் வேகமாகத் திரும்பப் பார்த்து இறந்தவர்கள் ஏராளம். விரியாத பாராசூட்டைப் பற்றியே ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தபோது, சாவு வேறு வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. கணக்கு எழுதாமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜூனில் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. ஸ்கைடைவிங் உள்பட வான் விளையாட்டுகள் பலவும் அதில் அடங்கும். இந்திய வான் விளையாட்டுச் சம்மேளனம் என்ற உச்ச அமைப்பு, அதன் கீழ் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சங்கம் என்று ஏற்பாடு. உபகரணம், பயிற்சியாளர், பயிற்சி ஆகியவற்றுக்கான பாதுகாப்பு விதிகளைச் சங்கமே வகுக்க வேண்டும். தவறினால் சம்மேளனம் நடவடிக்கை எடுக்கலாம். 2030க்குள் இந்தியா முன்னணி வான் விளையாட்டு நாடுகளில் ஒன்றாக வேண்டும் என்பது லட்சியம். நல்ல லட்சியம்தான். ஆனால் முன்னணி நாடுகளின் அடையாளம் அமைச்சர் குதிப்பது அல்ல. ஆண்டுதோறும் எத்தனை பேர் குதித்தார்கள், எத்தனை பேர் காயமுற்றார்கள், ஏன் என்று யாரும் படிக்கும்படி அச்சிடுவது. இதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு பதிவேடும், அதை வாங்கித் தொகுக்க ஒரு குமாஸ்தாவும் போதும்.

தகுதியைச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை பார்த்திருக்கிறது. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி என்று சொல்லி மாணவியை மாடியிலிருந்து தள்ளிவிட்டதில் அந்தப் பெண் உயிரிழந்தார். பயிற்சி அளித்தவர் எங்களால் அனுமதிக்கப்பட்டவர் அல்ல என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு அறிவித்தது. பிறகு! அவர் கழுத்தில் அட்டை தொங்கியபோது யாரும் கேட்கவில்லை. இரண்டாவது மாடியிலேயே இந்தக் கதி என்றால், பத்தாயிரம் அடிக்கு எத்தனை மடங்கு விசாரிக்க வேண்டும்!

அதற்காக, இதெல்லாம் வேண்டாம் என்று கதவை அடைப்பவர்கள் பக்கமும் நியாயம் இல்லை. ராச்சேல் தாமஸ் 1979ல் முதன்முதலில் குதித்தார். 2002ல் வடதுருவத்தில் 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தார். 2005ல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் போன்ற பெண்கள் வீட்டில் "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டதோடு நின்றிருந்தால் நாட்டுக்கு நஷ்டமே. தடை போட்டால் விளையாட்டு நிற்காது. யாருக்கும் தெரியாத மைதானங்களுக்குப் போகும்.

நாட்டில் திறமைக்கும் பஞ்சமில்லை. கான்பூரில் பாராசூட் தொழிற்சாலை 1941 முதல் இருக்கிறது; இன்று அது கிளைடர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. ஆக்ராவில் பாராசூட் ஆராய்ச்சிக்கென்றே பாதுகாப்புத் துறையின் ஆய்வகம் ஒன்று உள்ளது. விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளியும் அதே ஊரில்தான். மடிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஓய்வு பெற்று வெளியே வருகிறார்கள். பெரும்பாலோர் வங்கி வாசலிலும் அடுக்குமாடிக் கட்டட வாசலிலும் காவல் நிற்கப் போகிறார்கள். அவர்களுக்குச் சிவில் தகுதிச் சான்று கொடுத்து, நார்னோல் போன்ற தளங்களில் ரிசர்வ் மடிக்கும் பொறுப்பை ஒப்படைக்க வான் விளையாட்டுச் சம்மேளனம் முன்வரலாம். சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி வரும். குதிக்க வருபவர் கொடுக்கும் கட்டணத்தில் படம் பிடிப்பவருக்கு ஒரு பங்கு போகிறது. மடிப்பவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போகலாம்.