தண்ணிக்குள் நின்ற வாகனமும் திறப்பும்

2022 டிசம்பர் 31. சான் பிரான்சிஸ்கோ நகருக்குள் அன்று ஒரே நாளில் 5.46 அங்குல மழை. 1849 தொடக்கம் அங்கே எழுதி வைத்திருக்கிற கணக்கில் இதைவிடக் கூடப் பெய்தது ஒரேயொரு நாள்தான், 1994 நவம்பர் 5. இங்கே சான் ரமோனிலும் ஓடைகள் நிரம்பி ரோட்டுக்கு ஏறிவிட்டன. வீட்டில் புதுவருசத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. தெரிந்த குடும்பத்துப் பெடியன்.

"அங்கிள், ஜீப் தண்ணிக்குள்ள நிண்டுட்டுது. மூண்டு தரம் ஸ்ராட் பண்ணிப் பாத்தன். டக் எண்டொரு சத்தம். இப்ப அசையுதே இல்லை."

"மூண்டு தரம்" என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆள் தப்பி வெளியில் நிற்கிறான் என்று கேட்டு அறிந்த பிறகுதான் ஏசத் தொடங்கினேன்.

எஞ்சினுக்குள் போகிற காற்றை பிஸ்ரன் நசுக்கும். தண்ணியை நசுக்க ஏலாது. காற்று இழுக்கிற வழியால் தண்ணி உள்ளே போனால், மேலே வருகிற பிஸ்ரன் கல்லில் மோதினது போல நின்றுவிடும். அந்த அடியில் வளைவது பிஸ்ரனைப் பிடித்திருக்கிற கொனெக்ரிங் ரொட். டீசல் எஞ்சினில் இன்னும் மோசம். காற்றை நசுக்கி அடைக்கிற இடம் அதில் மிகவும் சிறிது, அதனால் கொஞ்சத் தண்ணியே காணும். ஓடிக்கொண்டு இருக்கும்போதே வளைந்திருக்கலாம்தான். ஆனால் தானாக அடங்கி நின்ற எஞ்சின் பல நேரம் பிழைக்கக் கூடியது. அதைக் கொல்வது, பதற்றத்தில் திரும்பவும் திறப்பைத் திருப்புகிற கைதான்.

பெடியனுக்கு நம்ப முடியவில்லை. "அங்கிள், ஸ்நோர்க்கல் பூட்டியிருக்கிறன்!" ஸ்நோர்க்கல் என்றால், காற்று இழுக்கிற வாயை கூரை உயரத்துக்குக் கொண்டுபோகிற குழாய். பிறகு ஜீப்பைக் கழற்றிப் பார்த்தபோது காற்று வடி இருக்கிற பெட்டியின் அடியில், தண்ணி வடிவதற்கென்று விட்ட ஓட்டை அப்படியே திறந்து கிடந்தது. குழாய் கூரையில், ஓட்டை தண்ணிக்குள். கூரைக்கு ஓடு போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை. அந்த ஓட்டையையும் குழாய்ப் பொருத்துகளையும் அடைக்காத ஸ்நோர்க்கல் படம் எடுக்க மட்டும்தான் உதவும்.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. 1997 மாரியில் புதுக்குடியிருப்பில் ஒரு கராஜில் ஒயிலோடு கிடந்தவன் நான். பெற்றோல் தடை. கராஜுக்கு வருகிற பழைய லாண்ட்ரோவர் ஒன்று மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நடுத்தண்ணியில் நின்றுபோனால் மறுபடி ஸ்ராட் பண்ணவும் அதே பெற்றோல்தான் வேணும். அந்த விலைக்கு யார் விடுவார்கள்?

மாரிக்கு ஒட்டுசுட்டான் பக்கம் பாலத்துக்கு மேலால் தண்ணி ஓடும். அந்த வாகனம் வருத்தக்காரரையும் பிள்ளைப்பெறப் போகிறவர்களையும் ஏற்றும். அதனால் தண்ணிக்கு முன்னால் நாங்கள் செய்கிற வேலை ஒரு பூசை மாதிரி. டிஸ்ரிபியூட்டர் மூடிக்கும் பிளக் வயர்களுக்கும் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, ரியூப் கீலத்தால் கட்டுவது. காற்றாடி தண்ணியை அள்ளி எஞ்சின் மேல் அடிக்காமல், வளைந்து ரேடியேற்றரை வெட்டாமல் இருக்க, பெல்ற்றைக் கழற்றுவது. பிளைவீல் மூடியின் அடியில் ஒயில் சொட்டுவதற்கு ஒரு துளை இருக்கும், அதற்கென்று கொம்பனியே கொடுத்த திருகாணியைப் பூட்டுவது. அக்கரையில் கட்டாயம் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகிற ஒயில் கிளச்சில் சேரும்.

எல்லாம் முடிந்த பிறகு பாஸ் அண்ணை சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தடியோடு தண்ணிக்குள் இறங்குவார். அவர் முன்னால் நடக்க, லாண்ட்ரோவர் பின்னால் மனிதன் நடக்கிற வேகத்தில் வரும். ஒருநாள் உள்ளே ஒரு பிள்ளைத்தாய்ச்சி நோவில் துடித்துக்கொண்டு இருந்தா. பாஸ் அண்ணை இடுப்பளவுக்குப் போய், தடியைக் குத்திப் பார்த்து, திரும்பி வந்துவிட்டார்.

"என்னாலை நிக்க ஏலாத இடத்தில வண்டி நிக்காது. சுத்திப் போவம்."

சுற்றிப் போக நேரம் எடுத்தது. அந்த அம்மாவின் தாயார் வழி முழுக்க எங்களைத் திட்டினா. பிள்ளை வழியில் பிறந்தது, இரண்டு உயிரும் தப்பியது. அன்று இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிய வராமல் போனதுதான் அவர் செய்த உதவி.

என் கருத்து இதுதான். தண்ணி புகாமல் பண்ணுகிற வேலை, வேறு வழியில்லாதவன் எடுக்கிற தற்காப்பு. எங்களுக்கு வேறு ரோட்டு இல்லாததால் அதைச் செய்தோம். இங்கே அதையே ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி நினைக்கிறார்கள். கொம்பனி 30 அங்குலம் வரை போகலாம் என்று எழுதினால் அது ஓடாத, அடி தெரிந்த தண்ணிக்கு. ஓடுகிற வெள்ளத்தின் கணக்கு வேறு. அரை அடி ஆழம் வேகமாக ஓடினாலே ஒரு ஆளை விழுத்தும். ஒரு அடி சின்னக் காரை மிதக்க வைக்கும், இரண்டு அடி பெரிய நாலு சில்லு வாகனத்தையே கொண்டுபோகும் என்று அமெரிக்க வானிலைத் துறை வருசாவருசம் சொல்கிறது.

ஊரிலும் இதே பாடம்தான். 2024 நவம்பர் 26, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியால் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிப் போன உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. சில பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள், சிலர் பிணமாகத்தான் கிடைத்தார்கள். உழவு இயந்திரத்தைவிட உயரமான சில்லு எந்த ஜீப்பில் இருக்கிறது?

சரி, விளையாட்டுக்கோ தேவைக்கோ தண்ணி கடந்து வந்தவர்களுக்கு என் அனுபவத்தில் சில. நின்றுபோனால் திறப்பைத் தொடாதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள். காற்று வடி நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றவிட்டுத் தண்ணியை வெளியே தள்ளிய பிறகுதான் மற்றக் கதை. நல்லாய் ஓடினாலும் ஒயில் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறமென்றால் தண்ணி கலந்துவிட்டது. டிபரென்சலையும் மறக்க வேண்டாம். சூடாக ஓடி வந்து குளிர் தண்ணியில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுக் குழாயாலும் சீலாலும் தண்ணியை உறிஞ்சும். அந்தக் குழாயை எஞ்சின் அறை உயரத்துக்கு நீட்டுவது ஸ்நோர்க்கலைவிட மலிவு, பலன் கூட. பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்திக் காய வையுங்கள். உப்புத் தண்ணி என்றால் அன்றைக்கே நல்ல தண்ணியில் கழுவுங்கள்.

பெடியன் எஞ்சினை மாற்றினான். ஓட்டையையும் அடைத்துவிட்டான். அடுத்த மாரியில் தொலைபேசி எடுத்தான். "அங்கிள், ரோட்டில தண்ணி நிக்குது, இப்ப ஜீப் ரெடிதானே, போகலாமோ?"

"இறங்கி நடக்கத் துணிவிருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்ப திருப்பு."