ஸ்கூபா பயிலும் முன் நீச்சல் எவ்வளவு தேவை?

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், விடுமுறையில் அந்தமான் சென்று ஸ்கூபா பயிலவிருப்பதாகக் கூறி, துஆச் செய்யுமாறு கேட்டார். "நீச்சல் தெரியுமா?" என்றேன். "முதுகில் காற்றுச் சிலிண்டர் இருக்க, நீச்சல் எதற்கு உஸ்தாத்?" என்றார்.

அவர் கூற்றில் பாதி உண்மை. பயிற்றுநர் உடனிருந்து அழைத்துச் செல்லும் ஒருநாள் அறிமுக முழுக்குக்குப் பொதுவாக நீச்சல் கேட்பதில்லை. சான்றிதழ்ப் பயிற்சி அவ்வாறன்று. பாடி அமைப்பின் 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழுக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். ஸ்நார்கெல் குழாயும் துடுப்புக் காலணியும் அணிந்தால் 300 மீட்டர். நேர வரம்பு இல்லை. அத்துடன், எதையும் பற்றாமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும்.

என் பார்வையில் இந்தப் 10 நிமிடமே முதன்மையானது. மேலே வந்தபின் படகு தொலைவில் நின்றால், பதறாமல் காத்திருக்கச் செய்வது அதுதான். பதற்றத்தில் மனிதர் மூச்சை அடக்குவர். மூச்சை அடக்கியபடி மேலேறுவதோ நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று, மேற்பரப்பில் இரு மடங்காக விரிகிறது. (நன்கு நீந்துவோரும் மூச்சடக்கும் பழக்கத்தை இங்கே விட்டாக வேண்டும்.)

பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இம்முறை அறிமுக முழுக்கு போதும், நீச்சல் தெரியாததைப் பயிற்றுநரிடம் மறைக்க வேண்டாம், சான்றிதழை நீந்தக் கற்றபின் பார்க்கலாம் என்றேன். சற்று வாடிய முகத்துடன்தான் ஒப்புக்கொண்டார். துஆவும் செய்தேன்.