அவனைக் கேட்டீர்களா?

ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் பிறந்த ஊர். ஒருவருக்கும் சொல்லாதே என்று குரு கொடுத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் கோபுரத்தின் மேலேறி ஊருக்கெல்லாம் உரைத்தவர் அவர் என்பார்கள். அந்த ஊரில் அறை எடுத்துக்கொண்டு, ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற இருபத்துநாலு வயதுப் பையனிடம் அவன் வியாதியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

கழுத்தில் கட்டி, மாலையில் ஜுரம், இரவில் வியர்வை. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சந்தேகப்பட்டதைக் குறை சொல்லமாட்டேன். கட்டியைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்காமல் ஆறு மாதம் ஓட்டியதைத்தான் சொல்கிறேன். பிறகு தெரிந்தது, ஹாட்ஜ்கின் லிம்போமா. நாலாம் கட்டம்.

நாலாம் கட்டம் என்றதுமே பெரியப்பா கையை உதறிவிட்டார். அறியாமை! இந்தப் புற்று மற்றவற்றைப் போல அல்ல. நாலாம் கட்டத்திலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 1970களில் மிலான் நகரத்து பொனடோனா வகுத்த ஏ.பி.வி.டி. என்னும் நாலு மருந்துக் கூட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது. அதில் ஒன்று நம் வேலியோரத்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. பதினைந்து நாளுக்கொரு தரம், ஆறு மாதம். பீகாப் என்று இதைவிட உக்கிரமான ஜெர்மன் முறையும் உண்டு. அதில் நோய் திரும்புவது குறைவு; பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் அபாயம் அதிகம். முன்கூட்டியே விந்தைச் சேமித்து வைக்கலாம். ஆனால் அதற்கு அவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே!

எதைக் கொடுத்து எதைப் பெறுவது? உடம்பு அவனுடையது. தீர்மானித்ததோ, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெரியப்பாவும் தாய்மாமனும்.

"தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவான் சார். பொண்ணு வேற பேசி வெச்சிருக்கோம்."

"பெண் வீட்டுக்குச் சொன்னீர்களா?" என்றேன். பெரியப்பா டீ குடிக்கப் போய்விட்டார்.

உடைந்து போவானாம்! இரவு ஷிப்டில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவன். இவர்கள் பேச்சை நம்பி, மஞ்சள் காமாலை என்று சூப்பர்வைசருக்குச் சொல்லியிருக்கிறான். ஈ.எஸ்.ஐ.யில் புற்றுநோய்க்கு நீடித்த நோய்ப்படி உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவனுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம். காமாலைக்கு அது கிடையாது. அன்பின் பெயரால் அவன் சோற்றிலும் கை வைத்தாயிற்று.

முதல் ஊசிக்கு இரண்டு நாள் முன்பு போயிருந்தேன். "சார், பக்கத்து பெட்காரர் என்னென்னவோ சொல்றாரு. எனக்கு என்ன ஊசி சார் போடப்போறாங்க?" என்றான்.

டாக்டரை அழைத்துவந்து, அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் சொல்லச் செய்தேன். பையன் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டான். பெரியப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.