முழுதாக எடுத்தால் முழுதாகக் குணமா?

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி அறிக்கை வந்ததும், பல வீடுகளில் சிகிச்சை முடிவு மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. கட்டியை மட்டும் எடுத்தால் வேர் உள்ளே தங்கிவிடும், மார்பையே எடுத்துவிட்டால் நோயும் அதோடு போய்விடும் என்பதே அந்த முடிவின் அடிப்படை. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. "எதுக்கு ரிஸ்க்? மொத்தமா எடுத்துடுங்க டாக்டர்" என்று கணவரோ அண்ணனோ சொல்லிவிடுவார். நோயாளி அதுவரை வாயே திறந்திருக்கமாட்டார்.

இந்த நம்பிக்கை தவறானது. தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட நோயில், கட்டியைச் சுற்றிலும் உள்ள சிறிதளவு நல்ல திசுவோடு அகற்றிவிட்டு மார்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பை முழுதாக அகற்றினாலும், பிழைத்திருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். ஆயிரக்கணக்கான பெண்களை 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து நிறுவப்பட்ட முடிவு இது. அப்படியிருந்தும் தேவையில்லாமல் மார்பை இழக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்கு உரியது.

இந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் மருத்துவ உலகமே ஆதரவாக இருந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், தாம் அறுவை செய்த 50 பெண்களின் விவரத்தை 1894இல் வெளியிட்டார். மார்பு, அதன் அடியிலுள்ள தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக வெட்டி எடுப்பது அவருடைய முறை. புற்றுநோய் ஓரிடத்தில் தொடங்கி, படிப்படியாக அடுத்த இடத்துக்கு நகர்கிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு நோயை முந்திக்கொள்ளலாம் என்பது அவருடைய கொள்கை. வெட்டிய இடத்தில் கட்டி திரும்ப வருவது அவருடைய நோயாளிகளிடம் வெகுவாகக் குறைந்தது. அதையே வெற்றி என்று கொண்டார்கள். ஆனால் அப்பெண்களில் பலர் பின்னாளில் நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் பரவிய நோயால் இறந்தார்கள். அந்தக் கணக்கு உரிய கவனம் பெறவில்லை. விலாவெலும்பு துருத்திய மார்போடும், உயர்த்த முடியாத தோளோடும், வீங்கிய கையோடும் வாழ்வதே குணமடைந்ததற்கு விலை என்று ஏறக்குறைய 80 ஆண்டுகள் பெண்களுக்குச் சொல்லப்பட்டது.

எதிர்ப்பே இல்லாமல் இல்லை. பொருளியல் அறிஞர் கெயின்ஸின் தம்பியான அறுவை மருத்துவர் ஜெஃப்ரி கெயின்ஸ், லண்டனில் 1920களிலேயே கட்டியைச் சுற்றி ரேடியம் ஊசிகளைச் செருகி மார்பைக் காக்க முயன்றார். பெரும்பாலானோர் அதைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் 1970கள் வரை இன்னொரு கொடிய வழக்கம் இருந்தது. கட்டி புற்றா என்று பார்க்கத்தான் மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால் மயக்கம் தெளிவதற்குள் மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண்விழித்து, கையால் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்பதையே ஒரு பெண் தெரிந்துகொண்டார். ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் தமக்கு 1974இல் நோய் வந்தபோது இதற்கு உடன்பட மறுத்தார். தொடர்ந்து எழுதியும் போராடியும் வந்தார். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, பரிசோதனையும் சிகிச்சையும் தனித்தனிக் கட்டங்களாக நடக்க வேண்டும் என்று 1979இல் பரிந்துரைத்தது.

அறிவியல் விடை பிட்ஸ்பர்க்கிலிருந்தும் மிலானிலிருந்தும் வந்தது. பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர் ஹால்ஸ்டெட்டின் கொள்கையையே மறுத்தார். கட்டி கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்வதற்கு முன்பே சில பெண்களில் புற்றணுக்கள் இரத்தத்தின் வழியே வேறு உறுப்புகளுக்குப் போய்விடுகின்றன. அப்படிப் போயிருந்தால் மார்பில் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் அவற்றைப் பிடிக்க முடியாது. போகாமலிருந்தால் அவ்வளவு வெட்ட வேண்டியதில்லை. இதைச் சோதிக்க அவர் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, வெவ்வேறு அறுவைகளை ஒப்பிட்டார். 1976இல் தொடங்கிய ஆய்வில் 1,851 பெண்கள். ஒரு பிரிவுக்கு மார்பு முழுதும் எடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவுக்குக் கட்டி மட்டும். மூன்றாம் பிரிவுக்குக் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. 1985இல் வந்த முதல் முடிவும் 2002இல் வந்த 20 ஆண்டு முடிவும் ஒன்றையே சொல்லின: மூன்று பிரிவிலும் உயிர் பிழைத்திருந்தோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மிலானில் உம்பெர்டோ வெரோனேசி 701 பெண்களிடம் ஹால்ஸ்டெட் அறுவையையும் மார்பின் கால் பகுதியை மட்டும் எடுக்கும் அறுவையையும் ஒப்பிட்டார். அங்கேயும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு அதே விடை.

முழு அறுவையை ஆதரிப்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் ஒன்று உண்டு: மார்பு மிச்சமிருந்தால் அதே மார்பில் நோய் திரும்ப வரலாம் அல்லவா? வரலாம். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 சதவீதத்தினருக்கு 20 ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பியது. அது அக்காலத்துக் கணக்கு. அதற்குப் பிறகு மருந்துகளும் கதிர்வீச்சுக் கருவிகளும் மேம்பட்டு, இந்த விகிதம் வெகுவாக இறங்கிவிட்டது. அப்படித் திரும்பினாலும் அப்போது மீண்டும் அறுவை செய்ய முடியும். மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கும் தழும்பின் மேலேயோ நெஞ்சுச் சுவரிலோ நோய் திரும்புவது உண்டு என்பதை இந்த வாதத்தை வைப்பவர்கள் சொல்வதில்லை. ஃபிஷரின் ஆய்வில் பங்கேற்ற மான்ட்ரியால் மருத்துவர் ஒருவர் சில பதிவுகளைப் பொய்யாக மாற்றியிருந்தது 1990களில் வெளியானபோது, ஆய்வே பொய் என்று பேசப்பட்டது. அவர் அனுப்பிய எல்லாப் பதிவுகளையும் நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்கிட்டார்கள். முடிவு மாறவில்லை.

'வேர் தங்கிவிடும்' என்ற அச்சத்துக்கான விடை ஆய்வகத்தில் இருக்கிறது. அறுவை மருத்துவர் எடுத்த கட்டியில் திசை தெரிவதற்காக நூல் தையல்கள் போட்டு அனுப்புவார்: மேல்பக்கத்துக்குக் குட்டையான நூல், வெளிப்பக்கத்துக்கு நீளமான நூல் என்பதுபோல. நோய்க்குறியியல் மருத்துவர் அந்தத் துண்டின் வெளிப்பரப்பு முழுவதும் மை தடவுகிறார். பிறகு மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். மையின் மேல் புற்றணு இல்லையென்றால் ஓரம் சுத்தம். இருந்தால் எந்தப் பக்கம் என்று நூல் காட்டிக்கொடுக்கும், அந்தப் பக்கத்தில் மட்டும் இன்னும் சிறிது எடுக்கப்படும். பரவும் தன்மையுள்ள புற்றுக்குக் கதிர்வீச்சும் தரப்படும்போது, மையில் புற்றணு படாமலிருந்தாலே போதும், இன்னும் அகலமாக வெட்டுவதால் பயன் இல்லை என்று அமெரிக்க அறுவை, கதிர்வீச்சு மருத்துவச் சங்கங்கள் 2014இல் வழிகாட்டின. வேர் தங்கியதா என்பதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அறிக்கையில் எழுதியிருக்கும்.

நோய் ஏற்கெனவே வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட பெண்களின் குடும்பத்தினரும் மார்பை எடுக்கும்படி மன்றாடுகிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இதை நேரடியாகவே சோதித்தது. பரவிய நோயுள்ள, மருந்துக்குக் கட்டி சுருங்கிய 350 பெண்களில் ஒரு பாதிக்கு மார்பிலும் அக்குளிலும் சிகிச்சை செய்யப்பட்டது, மறுபாதிக்குச் செய்யப்படவில்லை. 2015இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு இல்லை. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வும் அதையே கண்டது. புண்ணாகி உடைந்து வேதனை தரும் கட்டியை எடுப்பது வேறு விஷயம். ஆயுள் கூடும் என்று நம்பி எடுப்பதற்கு ஆதாரம் இல்லை.

மார்பை எடுத்துவிட்டால் கீமோவும் வேண்டாம், கரண்டும் (கதிர்வீச்சு) வைக்க வேண்டாம் என்பது இதன் கிளை நம்பிக்கை. கீமோ தேவையா என்பதைத் தீர்மானிப்பது அறுவையின் அளவு அன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் உள்ளனவா, ஹெர்2 புரதம் மிகுந்திருக்கிறதா, கட்டி எவ்வளவு பெரியது, அக்குள் கணுக்களில் நோய் எட்டியதா என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ பல கணுக்களில் நோய் இருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் நெஞ்சுச் சுவருக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். கீமோவைத் தவிர்க்கலாம் என்று எண்ணி மார்பைக் கொடுத்த பெண், கடைசியில் முடியையும் இழந்து, 'அப்படியென்றால் எதற்காக எடுத்தார்கள்' என்று கேட்பது நியாயமான கேள்வி.

முழு அறுவையின் விளைவுகளை வெளியே யாரும் பேசுவதில்லை. தழும்பைச் சுற்றி மரத்துப்போதல், இல்லாத மார்பில் அரிப்பும் வலியும் உணர்தல், ஒருபக்க எடை போனதால் தோளும் கழுத்தும் இழுத்தல், ரவிக்கைக்குள் வைத்த துணிப் பஞ்சு குனியும்போது நகர்ந்துவிடுமோ என்ற ஓயாத கவனம். கல்யாண வீட்டுக்குப் போவதையே நிறுத்திக்கொண்ட பெண்கள் உண்டு. கை வீக்கம் இவற்றுக்கு வேறானது. அது மார்பை எடுப்பதால் வருவதில்லை, அக்குள் கணுக்களை எடுப்பதால் வருகிறது. முதலில் மோதிரம் இறுகும், பிறகு வளையல் ஏறாது, பிறகு ஜாக்கெட் கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். 'எல்லாவற்றையும் சுத்தமாக எடுங்கள்' என்ற எண்ணமே அக்குளிலும் வேலை செய்தது. அங்கும் அது தேவையில்லை என்று தெரிந்தது. மார்பில் நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச்சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. பிரிட்டனில் 1,031 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு கை வீக்கம் கணுக்களை மொத்தமாக எடுத்த வழக்கமான முறையில் 13 சதவீதம், இந்த முறையில் 5 சதவீதம்.

நடுவயதைக் கடந்த பெண்களிடம் சொல்லப்படும் ஒரு வாக்கியம் எல்லாவற்றையும்விடக் கொடியது: "புள்ளைங்களைப் பெத்து வளர்த்தாச்சு, இனி அது எதுக்கு?" மார்பு பிள்ளைக்குப் பாலூட்ட மட்டுமே என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. 60 வயதுப் பெண்ணுக்கும் கண்ணாடி உண்டு. அவருடைய உடல் அவருக்கு எப்படி வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

முழு அறுவையே சரியான வழியாகும் நோயாளிகளும் இருக்கிறார்கள். ஒரே மார்பின் பல பகுதிகளில் தனித்தனிக் கட்டிகள், மார்புத் தோல் முழுதும் சிவந்து வீங்கும் வகைப் புற்று, திரும்பத் திரும்ப எடுத்தும் சுத்தமாகாத ஓரம், நெஞ்சில் ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்றிருத்தல் ஆகியவை அதற்குக் காரணங்கள். கர்ப்பத்தின் முற்பகுதியிலும், பிஆர்சிஏ மரபணுக் கோளாறு உள்ளவர்களிடமும் அது பெரும்பாலும் பரிசீலிக்கப்படும். எல்லாம் விளங்கிக்கொண்ட பிறகு 'எனக்கு முழுதாக எடுத்தால்தான் நிம்மதி' என்று ஒரு பெண் தானே தேர்ந்தெடுத்தால், அதுவும் மதிக்க வேண்டிய முடிவு. கண்டிக்க வேண்டியது பொய்யான வாக்குறுதியின் பேரில் எடுக்கப்படும் முடிவைத்தான்.

கட்டி பெரியதாக இருப்பதும் எப்போதும் தடையாவதில்லை. நம் ஊரில் பலர் தாமதமாகவே வருகிறார்கள், ஆகவே இது முக்கியம். கீமோவை முதலில் கொடுத்து, கட்டி சுருங்கிய பிறகு அறுவை செய்தால் மார்பைக் காக்க முடிவது பலருக்கும் வாய்க்கிறது. கட்டி முற்றிலும் கரைந்துபோனாலும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காக, தொடக்கத்திலேயே அதற்குள் கடுகளவு உலோகக் கிளிப் ஒன்றைப் பொருத்தி வைப்பார்கள். கிளிப் வைக்காமல் கீமோ தொடங்கிவிட்டால் இந்த வழி சிக்கலாகிவிடும் என்பதால், முதல் ஊசிக்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

கதிர்வீச்சு மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவீதத்தினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. வயது முதிர்ந்த, ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படும் சிறிய கட்டியுள்ள சிலருக்கு மருத்துவர் விலக்கு தரலாம். மற்றவர்கள் பாதியில் நிறுத்தக் கூடாது. முன்பு 5 வாரங்கள் தினமும் போய்வர வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து வருபவர்கள் 'இதற்கு மார்பையே எடுத்துவிடலாம்' என்று எண்ணியதில் வியப்பில்லை. இப்போது 3 வாரங்களில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. 4,096 பேரிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு, ஒரே வாரத்தில் 5 முறை கொடுப்பதும் பாதுகாப்பானது என்று 2020இல் காட்டியது. தோல் கறுப்பதும் சிவப்பதும் அசதியும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும்.

அறிக்கை கைக்கு வந்த மறுநாளே அறுவை மேசையில் படுக்க வேண்டிய அவசரம் இந்த நோயில் இல்லை. ஓரிரு வாரம் யோசிப்பதால் பெரும்பாலோருக்குக் கேடு வராது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அந்த இடைவெளியில் பயாப்சியின் கண்ணாடி வில்லைகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, கதிர்வீச்சு வசதியுள்ள இன்னொரு மருத்துவமனையில் காட்டலாம். முழு அறுவை என்று சொல்லும் மருத்துவரிடம் "என் மார்பைக் காக்க முடியாததற்கு என் அறிக்கையில் என்ன காரணம் இருக்கிறது?" என்று நோயாளியே கேட்க வேண்டும், வீட்டார் அவரைக் கேட்கவிட வேண்டும். காரணம் இருந்தால் மருத்துவர் அதை அறிக்கையில் விரல் வைத்துக் காட்டுவார். காட்ட முடியாதபோது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.