யாருடைய ஜெபத்துக்குப் பதில் இல்லை?

கடந்த தவக்காலத்தில் அம்மாவோடு ஒரு தியானக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஆய்வுக் குறிப்பேடு கையில் இருந்தது. ஆனாலும் அம்மா பக்கத்தில் இருக்கும்போது முழு ஆய்வாளராக உட்கார முடிவதில்லை. 'நம் ஜெபங்கள் ஏன் கேட்கப்படுவதில்லை?' என்பது அன்றைய தலைப்பு. பிரசங்கியார் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனார். விசுவாசம் போதவில்லை. மறைவான பாவம் ஏதோ இருக்கிறது. யாரையோ இன்னும் மன்னிக்கவில்லை. தவறான நோக்கத்தோடு கேட்கிறீர்கள். கடவுளின் நேரம் வரவில்லை. அவர் 'முடியாது' என்பதும் ஒரு பதில்தான். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் தலையசைத்தது, அம்மாவும்தான். திரும்பி வரும்போது பேருந்தில் மெதுவாகக் கேட்டார்: "பாப்பா, அப்பாயிகிட்ட அப்படி என்ன பாவம் இருந்திருக்கும்?"

அப்பாயியின் ஜெபம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். மாதா சுரூபத்தைத் தாங்கிய தேர் ஊர்த் தெருக்களைச் சுற்றிவிட்டு, எங்கள் தெரு தொடங்கும் முனையில் திரும்பிவிடும். எங்கள் ஆட்கள் அந்த முனைவரை வந்து மெழுகுதிரி கொடுத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். திருவிழா வரியை எங்களிடம் வாங்குவதில்லை. முதலில் இதைச் சலுகை என்றுதான் நினைத்தார்களாம். வரி கொடுக்காதவருக்குத் திருவிழாவில் உரிமை கிடையாது என்று ஒரு கூட்டத்தில் சொன்ன பிறகுதான் அந்தச் சலுகையின் அர்த்தம் விளங்கியிருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் அப்பாயி காசு கட்டிப் பூசைக் கருத்து எழுதிக் கொடுப்பார். 'தேர் எங்கள் தெருவுக்கு வர' என்று எழுதச் சொல்வார். பூசையில் அது 'குடும்ப சமாதானத்துக்காக' என்று வாசிக்கப்படும். கடவுளின் காதுக்குப் போகும் முன்பே அந்த ஜெபம் திருத்தப்பட்டுவிட்டது. அப்பாயி இறந்தபோது, பங்குக்குச் சொந்தமான சவ வண்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு பின்பாதை வழியாகப் போய், கல்லறையில் எங்களுக்கென்று விடப்பட்ட மூலையில் புதைத்தோம்.

தோழர்கள் சிலர் இந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று தெரியும். கடவுளே இல்லை, அப்புறம் பதில் எங்கிருந்து வரும் என்பார்கள். சரி, அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அப்பாயியின் ஜெபத்துக்குப் பதில் சொல்லக் கடவுள் தேவையே இல்லை. தேரை இழுத்தவை மனிதக் கைகள். முனையில் திருப்பியவையும் அதே கைகள். அந்தத் தேர்வடத்தைப் பிடித்திருந்தவர்களின் பெயர்களை என்னால் இன்றும் சொல்ல முடியும். கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும்போது, 'கடவுளின் நேரம்' என்று சொல்வது மறுத்தவனுக்குத் தரும் பாதுகாப்பு.

நோயில் கிடக்கும் பிள்ளைக்காக இரவெல்லாம் முழங்காலில் நிற்கும் தாயின் கேள்வி வேறு. அதற்கு என்னிடம் பதில் இல்லை, பிரசங்கியாரிடமும் இல்லை. இல்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையாவது அவரிடம் இருந்திருக்கலாம். என் கோபம் அதுவல்ல. மனிதர்கள் தர மறுத்ததையும், இயற்கை தர முடியாததையும் ஒரே மூட்டையில் கட்டி, அதைக் கேட்டவரின் தலையிலேயே ஏற்றுகிறார்களே, அதுதான்.

அம்பேத்கர் இதைக் கவனித்திருக்கிறார். மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை பற்றி எழுதியபோது, மனிதனின் வீழ்ச்சிக்கு அவனுடைய பாவமே காரணம் என்ற போதனை சமூகவியல் நோக்கில் பேராபத்தானது என்றார். வீழ்ச்சிக்குக் காரணம் அநீதியான சூழல் என்று தெரிந்தவன் சூழலை மாற்றக் கிளம்புவான். தன் பாவம் என்று நம்புகிறவன் தன்னையே தோண்டிக்கொண்டிருப்பான். பேருந்தில் அம்மா செய்துகொண்டிருந்தது அதைத்தான். முற்பிறவி வினை என்று சொல்லி எங்களைச் சேரியில் வைத்தவர்களிடமிருந்து தப்பித்து வந்தோம். வந்த இடத்தில் மறைவான பாவம் என்கிறார்கள்.

இத்தனைக்கும் பிரசங்கியார் கையில் இருந்த விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் எவ்வளவு ஜெபித்தாலும் கேட்க மாட்டேன் என்று கடவுள் சொல்கிறார். யாரிடம்? விழாக்களும் பலிகளும் குறைவில்லாமல் நடத்திக்கொண்டு, கைகளில் இரத்தக் கறையோடு நிற்பவர்களிடம். ஆமோஸ் தீர்க்கதரிசி வழியாக உங்கள் பாட்டுச் சத்தத்தை அகற்றுங்கள் என்கிறார். ஏழையின் கூக்குரலுக்குக் காதை அடைத்துக்கொள்கிறவன் தான் கூப்பிடும்போது பதில் பெறமாட்டான் என்கிறது நீதிமொழிகள். ஏசாயா 58ஆம் அதிகாரம் இன்னும் தெளிவு. அங்கே நுகத்தடியை உடைப்பதுதான் உபவாசம், அதைச் செய்த பிறகே கூப்பிட்டால் பதில் வரும். பதில் கிடைக்காத ஜெபம் என்று வேதம் இங்கெல்லாம் பேசுவது ஒடுக்குகிறவனின் ஜெபத்தைப் பற்றி. எகிப்தில் அடிமைகள் முறையிட்டபோது அது கேட்கப்பட்டது என்றுதான் யாத்திராகமம் சொல்கிறது.

இந்த வசனங்களை வைத்துத் தேர்வடம் பிடித்தவர்களிடம் 'உங்கள் ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை தெரியுமா?' என்று ஒரு தியானக் கூட்டமாவது நடந்திருக்கிறதா?

விடாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு எல்லாரும் எடுத்துச் சொல்லும் கதை லூக்கா 18இல் வரும் விதவையின் கதை. நானும் நூறு தடவை கேட்டிருப்பேன். ஆனால் கதைக்குள் அந்தப் பெண் முழங்காலில் நிற்கவில்லை. நீதிபதியிடம் திரும்பத் திரும்பப் போகிறாள், நியாயம் கேட்டுத் தொல்லை கொடுக்கிறாள். அவன் கடவுளுக்கும் பயப்படாதவன், மனிதரையும் மதிக்காதவன். தாமதத்துக்குக் காரணம் அவளுடைய விசுவாசக் குறைவு என்று கதையில் ஒரு சொல்கூட இல்லை. தாமதம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுடையது.

அந்த நாற்காலிகளை வரலாற்றில் பார்க்கலாம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய தேவாலயத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடார்களுக்கு. இரண்டும் சேரும் இடத்தில் பீடம். பீடத்தில் நின்ற குருவுக்கு இருபக்கமும் தெரியும், இருபக்கத்தாருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. 1910 வாக்கில் சுவரை இடித்தபோது அதை எதிர்த்து வழக்கு மெட்ராஸ் உயர்நீதிமன்றம் வரை போனது. சீர்திருத்த சபைகளிலும் இதே கதைதான். சபைக்குள் சாதி கூடாது என்று பிஷப் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டதும், சாதியை விட மனமில்லாமல் ஒரு கூட்டம் சபையையே விட்டு வெளியேறியது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர். எறையூரில் தலித் மக்கள் தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கக் கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் எங்கள் ஊர்த் தேர் அதே முனையில்தான் திரும்புகிறது.

இன்னொரு நாற்காலி டெல்லியில் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை இல்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை, சக தொழிலாளிகளுக்குக் கிடைத்த இலவசக் கடைப்பெட்டி தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. 2022இல் அமைத்த பாலகிருஷ்ணன் ஆணையத்துக்குக் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. 'காத்திருங்கள்' என்பதைப் பிரசங்கியாரும் ஒன்றிய அரசும் ஒரே குரலில்தான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கிறித்தவத்தில் சாதி இல்லை, ஆகவே பட்டியலில் இடமில்லை என்கிறது அரசு. சாதி இருக்கிறது, ஆகவே இடம் கொடு என்று திருச்சபைத் தலைவர்கள் டெல்லியில் தர்ணா உட்காருகிறார்கள். அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. ஆனால் ஊர் திரும்பியதும் அதே வாய் 'இங்கே சாதியெல்லாம் இல்லை, அது ஊர் வழக்கம்' என்கிறது. நாடாளுமன்ற வாசலில் எங்கள் காயத்தைக் காட்ட முடிகிறது, தேர்வடத்தைப் பிடித்தவனிடம் காட்ட முடியவில்லை. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த எழுபது வருடமாகும் என்றே வைத்துக்கொள்வோம். தேரை இருநூறு அடி தள்ளி இழுக்க எந்தச் சட்டத் திருத்தம் வேண்டும்? ஆயரின் ஒரு கடிதம் போதாதா? வராத தெரு இருந்தால் அந்த வருடம் தேரே கிடையாது என்று ஒரு வரி எழுதினால் போதுமே. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதைத்தான் அந்தக் கடிதம் சொல்லும். காணிக்கை குறையும், வசதியான குடும்பங்கள் முகம் திருப்பும் என்ற கணக்கு குறுக்கே நிற்கிறது. இதற்குப் பெயர் கடவுளின் மௌனமா?

பேருந்தில் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஆய்வேட்டு மொழியில் பேசத் தொடங்கினால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். "அப்பாயி கேட்டது சாமிகிட்ட இல்லம்மா, தேர்க் கமிட்டிகிட்ட" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்கு முன் அம்மா பங்கு அலுவலகத்துக்குப் போய்ப் பூசைக் கருத்தைத் தன் கையாலேயே எழுதினார். 'தேர் எங்கள் தெருவுக்கு வரவும், அதை மறிப்பவர்கள் மனந்திரும்பவும்.' உபதேசியார் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "சாமியார்கிட்ட கேட்டுச் சொல்றேங்க்கா" என்றாராம். "கேளுங்க. எழுதினபடி வாசிக்கலன்னா நானே எழுந்து வாசிப்பேன்னும் சொல்லுங்க" என்றிருக்கிறார் அம்மா. பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பூசை அடுத்த ஞாயிற்றுக்கிழமை.