விளையாட்டிலாவது சமநீதி வேண்டாமா?



கூடைப்பந்து என்றதும் மைதானத்தில் வியர்க்க வியர்க்க ஓடுவதுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பந்தையே தொடாமல் ஆடும் கூடைப்பந்தும் இருக்கிறது. அதுதான் இணையத்தில் ஆடும் 'சிமுலேஷன்' ஆட்டம். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு மவுசு அதிகம். அங்குள்ள ஒரு கல்லூரியின் டீமுக்கு நாம் கோச் ஆகலாம். பள்ளி முடிக்கும் வீரர்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, யாரை இறக்குவது என்று முடிவு செய்வது நம் வேலை. மேட்சைக் கம்ப்யூட்டர் ஆடி முடித்துவிடும். எதிர் டீமின் கோச்சும் நம்மைப்போல எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதராக இருக்கலாம். 'ஹூப்ஸ் டைனஸ்டி' என்ற ஆட்டம் இதில் பேர்போனது.

"வெட்டி வேலை!" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கட்டும். ஆனால் இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் ஓயாமல் போடும் ஒரு சண்டை இருக்கிறதே, அது நம் எல்லோருக்கும் பொதுவானது. "இதில் எல்லோருக்கும் சம வாய்ப்பு இருக்கிறதா?" என்பதே அந்தச் சண்டை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று டிவிஷன்கள் உண்டு. ஹூப்ஸ் டைனஸ்டியில் புதிதாக வரும் கோச் மூன்றாம் டிவிஷனில்தான் தொடங்க வேண்டும். ஜெயித்து, பெயர் எடுத்து, மேலே போக வேண்டும். இதை நான் அநீதி என்று சொல்ல மாட்டேன். கீழ்ப்படியில் தொடங்குவது அநீதி அல்ல. மேலே போகப் படியே இல்லாமல் இருப்பதுதான் அநீதி.

சிக்கல் எங்கே வருகிறது? ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு மதிப்பு உண்டு. நம் கிரேடு மாதிரி ஏ பிளஸ், பி, சி என்று எழுத்தில் போடுவார்கள். நல்ல வீரன் நல்ல மதிப்புள்ள கல்லூரிக்குத்தான் போவான். அவன் போனால் அந்த டீம் ஜெயிக்கும். ஜெயித்தால் மதிப்பு கூடும். மதிப்பு கூடினால் அடுத்த வருஷமும் நல்ல வீரன் அங்கேயே போவான். பணம் பணத்தோடு சேரும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்! போதாக்குறைக்கு, முதல் டிவிஷனில் கல்லூரிக்குக் கல்லூரி ஓர் அடிப்படை மதிப்பு வேறு. பெரிய பெயருள்ள கல்லூரி சறுக்கினாலும் அது தாங்கிப் பிடிக்கும். சின்னக் கல்லூரி எவ்வளவு ஏறினாலும் அது கீழே இழுக்கும். இன்றைய கோச்சின் உழைப்பை விட நேற்றைய பெயர் பெரிதாகிவிடுகிறது.

"சின்ன டீமும் ஜெயிக்கத்தானே செய்கிறது?" என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். நிஜக் கூடைப்பந்திலேயே 2018-ல் மேரிலாண்ட் பால்டிமோர் கவுன்டி என்ற கல்லூரி, தரவரிசையில் 16-ம் இடத்தில் இருந்துகொண்டு, முதலிடத்து வர்ஜீனியாவை 74-க்கு 54 என்று வீழ்த்தியது. 2023-ல் ஃபேர்லி டிக்கின்சன், பர்டியூவை வீழ்த்தியது. கேட்கவே புல்லரிக்கும்! ஆனால் கணக்கையும் பாருங்கள். ஆண்கள் போட்டி 64 டீமாக விரிந்த 1985 முதல் 2025 வரை முதலிடமும் 16-ம் இடமும் மோதியது 160 முறை. 16-ம் இடம் ஜெயித்தது அந்த 2 முறைதான். அதிர்ஷ்டம் ஒரு மேட்சைத் தரும். வாய்ப்பைத் தராது. லாட்டரிச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "உனக்கும் சம வாய்ப்பு" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அப்படியென்றால் தோற்கிறவனுக்குச் சலுகை கொடுத்துவிடலாமா? அதிலும் ஆபத்து இருக்கிறது. தொழில்முறை என்.பி.ஏ. போட்டியில், கடைசி இடத்து டீமுக்குப் புது வீரர்களில் முன்னுரிமை கொடுத்தார்கள். சில டீம்கள் வேண்டுமென்றே தோற்கின்றன என்ற பேச்சு எழுந்தது. 1985-ல் குலுக்கல் முறை வந்தது. 2019-ல் கடைசி மூன்று டீம்களுக்கும் ஒரே மாதிரி 14 சதவீத வாய்ப்பு என்று மாற்றினார்கள். ஆக, தோல்விக்குப் பரிசு கொடுப்பது நீதி ஆகாது.

பின் எதுதான் நீதி? முதலில், அளவு பொதுவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் முதல் டிவிஷன் ஆண்கள் டீம் எவ்வளவு பணக்கார டீமாக இருந்தாலும் 13 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் என்று பல வருஷம் விதி இருந்தது. நல்லவர்களை எல்லாம் ஒருவரே வாரிக்கொண்டு போகாமல் ஓரளவு தடுத்தது அந்த விதிதான். 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரால் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025-ல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றானது. உழைக்கும் வீரனுக்குக் கூலி கிடைப்பது நியாயம்தான். அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பணம் உள்ள கல்லூரியின் கை இன்னும் நீளும் என்பதும் உண்மை. 2025 போட்டியில் கடைசி 16 டீம்களும் பெரிய கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்தவையாகவே இருந்தன. நிஜத்தில் இதைச் சரிசெய்வது கஷ்டம். கம்ப்யூட்டர் ஆட்டத்தில் என்ன கஷ்டம்? புரோகிராமில் நாலு வரி மாற்றினால் போதுமே! மதிப்பை அண்மைச் சீசன்களின் வெற்றி தோல்வியை மட்டும் வைத்துக் கணக்கிடட்டும். காசு கொடுத்துப் பலம் வாங்கும் வழி எந்த ஆட்டத்திலும் வேண்டாம்.

ஆனால் தோழர்களே, இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஏற்றத்தாழ்வு ஒன்று உண்டு. அது தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள இடைவெளி. பல வருஷம் ஆடியவருக்கு எந்த வீரன் வளருவான், எந்த நாளில் செலவழிக்க வேண்டும், எந்த ஊர் வீரனைக் கூப்பிட்டால் செலவு குறையும் என்பதெல்லாம் அத்துப்படி. புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது. விதி இருவருக்கும் ஒன்றே. ஆனால் விதியின் பொருள் ஒருவருக்குத்தான் தெரியும்.

இது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்தால் லேட்டரல் என்ட்ரி மூலம் நேரே பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். இந்த விதி எனக்கும் பொது, இன்ஜினியர் வீட்டுப் பிள்ளைக்கும் பொது. அவனுக்கு அது வீட்டில் சோறு சாப்பிடும்போதே காதில் விழுந்த சங்கதி. எனக்கோ இரண்டாம் வருஷத்தில் ஒரு சீனியர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அந்த அண்ணன் அன்றைக்கு லீவு போட்டிருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

எனவே ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு நான் வைக்கும் முதல் கோரிக்கை இதுதான்: கணக்கிடும் முறையை மறைக்காமல், புதியவனுக்கும் புரியும்படி எழுதி வையுங்கள். நம் சங்கத்துக்கும் அதே கோரிக்கை. ஸ்காலர்ஷிப் ஃபார்ம், அரியர் விதி, மேற்படிப்பு வழி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, முதலாண்டுத் தம்பி தங்கைகள் வரும் முதல் நாளிலேயே அவர்கள் கையில் கொடுப்போம்.

தோற்றவன், "நான் சரியாக ஆடவில்லை" என்று சொல்லலாம். "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது!