“நாளைக்குக் காலத்தே வேணும்!”

கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கட்சிக்காரர் போஸ்டர் எல்லாம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுக்கிறேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுத் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்கிறார்: “அவசரம் என்று வருகிறவர்களிடம் கூடுதல் கூலி கேட்கலாமா? தப்பாக நினைக்க மாட்டார்களா?”

கேட்கத் தெரியாமல் கைப்பணம் இழந்தவள் நான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2025 ஆடி மாதக் கடைசி. ஆவணி முகூர்த்தங்களுக்காக நாகர்கோவில் அச்சகங்களில் நிற்க இடமில்லாத நேரம். ராத்திரி எட்டு மணிக்கு, எனக்கு மைனி முறையாகும் ஒருவர் வந்து நின்றார். அவர் மகளுக்குக் கல்யாணம். “மக்ளே, நாளைக்குக் காலத்தே பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போணும், கேட்டியா? நீ நினைச்சா அரை மணிக்கூர் வேலைதானே!”

என் இரண்டரை வயதுப் பெண்ணுக்கு அன்று காய்ச்சல். ஆனாலும் சொந்தத்தில் ‘முடியாது’ என்ற வார்த்தை வாயில் வருமா? “செரி மைனி” என்றேன். கூலி வழக்கமான ஆயிரம் ரூபாய்தான்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் மௌஸைத் தள்ளினேன். அரை மணிக்கூர் எங்கே! தாய்மாமன்மார் பெயர் வரிசை பத்து மணிக்கு ஒரு தடவை மாறிற்று, பதினொன்றுக்கு இன்னொரு தடவை. நேரம் மிச்சமாகட்டும் என்று, ஆனி மாதம் நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகையைத் திறந்து அதன் மேலேயே பெயர்களை மாற்றினேன். வினை அங்கேதான் பிடித்தது. நம் பக்கத்துப் பத்திரிகைகளில் கொல்லம் ஆண்டும் போடுவோமே, அதற்கு ஆவணி முதல் தேதிதான் வருஷப் பிறப்பு. 2025 ஆகஸ்ட் 17-ல் 1201 பிறந்தது. என் பத்திரிகையிலோ பழைய 1200 அப்படியே நின்றுவிட்டது. நானூறு பத்திரிகை அச்சாகி வந்தபின் மாப்பிள்ளையின் தாத்தா கண்டுபிடித்தார். மறுபடி அச்சடித்த செலவு என் தலையில்!

அதோடு போயிற்றா? நான்கு நாள் முன்பே வந்து முன்பணமும் கொடுத்திருந்த ஒரு டீச்சரின் புதுமனை புகுவிழா அழைப்பு, அந்த ராத்திரியால் ஒரு நாள் தள்ளிப்போனது. அவர் சண்டை போடவில்லை. “பரவாயில்லை” என்றார். அப்புறம் என்னிடம் வரவே இல்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது. நேரத்தோடு வந்தவருக்குத் தண்டனை, பிந்தி வந்தவருக்குச் சலுகை!

அச்சகத்தில் நின்று பார்த்தால் கணக்கு புரியும். ஓடுகிற வேலையை நிறுத்தி, பிளேட்டைக் கழற்றி, உருளைகளின் மையைத் துடைத்து, புது பிளேட் மாட்டி, நிறம் சரியாகும் வரை தாள்களை வீணாக்க வேண்டும். அந்த அவசரம் முடிந்ததும் பழைய வேலைக்காக இத்தனையும் மறுபடி. அவர்கள் கூடுதல் கேட்காமல் என்ன செய்வார்கள்? ரயில்வேயில் 1997 முதல் தட்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய் என்றால் தட்கலுக்கு மேலும் 2,000. ஆலையில் ஓவர்டைம் பார்த்தால் இரட்டைக் கூலி என்று 1948-லேயே சட்டம் எழுதினார்கள். அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும் இனாமா?

இப்போது என் வழக்கம் இதுதான். இரண்டு நாளுக்குள் வேண்டுமென்றால் பாதி கூடுதல், ஒரே ராத்திரியில் என்றால் இரட்டிப்பு. தொடங்கும் முன்பே தொகையைச் சொல்லிவிடுவேன். முடிந்தபின் சொன்னால்தான் மனஸ்தாபம் வரும். ‘படித்துப் பார்த்தேன், சரி’ என்று வாட்ஸ்அப்பில் பதில் வராமல் பிரஸ்ஸுக்கு அனுப்புவதில்லை. வரிசையில் இருப்பவர் வேலையைத் தள்ளுவதும் இல்லை. என் தூக்கத்தில் இருந்துதான் நேரம் எடுப்பேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் எத்தனை பைசா கொடுத்தாலும் கிடையாது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் பாதி ராத்திரியில் வந்தாலும் சாதாரணக் கூலியே. தைக்கிற சகோதரிக்கு ஒன்று: துணியை வாங்கி வைத்துக்கொண்டு நாம் தாமதித்ததால் வந்த அவசரம் என்றால், வாயைத் திறக்கவே கூடாது!

வேடிக்கை என்னவென்றால், “நாளைக்குன்னா ரெண்டாயிரம், வெள்ளிக்கிழமைன்னா ஆயிரம்” என்றதுமே, “வெள்ளிக்கிழமை போதும்” என்கிறவர்கள்தான் அதிகம்.

தை மாதம் மைனி மறுபடி வந்தார், மகன் கல்யாணத்துக்கு. அதே “நாளைக்குக் காலத்தே”. நெஞ்சு அடித்துக்கொள்ள, தொகையைச் சொன்னேன்.

“எனக்குமா மக்ளே?”

“உங்களுக்கும்தான் மைனி. அடுத்த வாரம்னா கூடுதல் வேண்டாம்.”

காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். மூன்றாம் நாள் மைனியே வந்து, மாமன்மார் வரிசை முதற்கொண்டு அழகாக எழுதிய ஒரு தாளை நீட்டினார். “ஒரு வாரம் எடுத்துக்கோ” என்றார். தாளின் உச்சியில், சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: ‘கொல்லம் ஆண்டு 1201’.